"சாப்பாடு" என்பது ஒரு வேலை இல்லை, 41 வேலை

கோயில் தொண்டூழியர் குழுவிலிருந்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க. நம்ம அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கு. அதுக்கு முன்னால ஒரு விஷயத்தை எல்லார் முன்னாலயும் சொல்லிடணும்னு முடிவு பண்ணினோம்.

போன வருஷத் திருவிழா அன்னதானம் ஞாபகம் இருக்கும். பதினொன்றே காலுக்குக் கேஸ் தீர்ந்து போச்சு. சாதம் ரெடி, சாம்பார் பாதி வேக்காட்டில் நிக்குது, பிரட்டலுக்கு அடுப்பே மூட்டல. வேற கேஸ் தோங் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பந்தலுக்கு வெளியே வெயிலில் வரிசை நின்றது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பாட்டி, "பரவால்லய்யா, அம்மாவைப் பார்த்ததே போதும்"னு சொல்லிட்டு வெறும் வயித்தோட கிளம்பிட்டாங்க. அவங்க காரில் ஏறுவதைப் பார்த்துக்கிட்டு நாங்க நின்னோம். ஒன்னும் செய்ய முடியல.

அன்னைக்கு எல்லார் வாயிலும் விழுந்தவங்க, சமையல்கட்டுப் பொறுப்பில் இருந்த அக்கா. "கேஸ் இருக்கான்னு கூடவா பார்க்கத் தெரியாது?" என்று நாலு பேர் முன்னால் கேட்டவர்களும் உண்டு. அக்கா பதில் பேசல. பாத்திரம் எல்லாம் கழுவி முடிச்சு, ஏப்ரனை மடிச்சு மேசையில் வச்சிட்டுப் போனாங்க. வெள்ளிக்கிழமை தவறாமல் வர்றவங்க, அதுக்கப்புறம் நாலு மாசம் கோயில் பக்கமே வரல.

நாங்க சொல்ல வந்தது இதுதான். தப்பு அந்த அக்கா மேல இல்லை. "சாப்பாடு"ன்னு ஒரே சொல்லில் ஒரு மலையைத் தூக்கி ஒருத்தங்க தலையில் வச்ச எங்க மேலதான்.

அந்தத் திருவிழாவுக்கு முன்னால் நடந்த கூட்டத்தின் குறிப்பேட்டை இப்போ எடுத்துப் பார்த்தோம். வேலைப் பங்கீடு மொத்தமே அஞ்சு வரி. பந்தல் ஒருத்தர். கார் நிறுத்துமிடம் இளைஞர் பகுதி. தண்ணீர் ஒருத்தர். சாப்பாடு அக்கா. சுத்தம் "எல்லாரும்". இருபது நிமிஷத்தில் பிரிச்சு முடிச்சு, வடையும் டீயும் சாப்பிட்டுக் கிளம்பினோம். "எல்லாரும்" செய்ய வேண்டிய சுத்தத்தை ராத்திரி பதினொரு மணிக்கு நாலு பேர் செஞ்சதும் உங்களுக்குத் தெரியும்.

சரி, கேஸ் ஏன் தீர்ந்தது? பணம் கட்டுறது பொருளாளர்தானே, அவரே சொல்லியிருப்பார்னு அக்கா நினைச்சாங்க. சமையல் மாஸ்டர் கொண்டு வருவார்னு பொருளாளர் நினைச்சார். கோயிலில் இருக்கும்னு மாஸ்டர் நினைச்சார். மூணு பேருமே பொறுப்பானவங்க. மூணு பேர் நினைச்சதிலும் நியாயம் இருக்கு. ஆனா "கேஸ்"னு ஒரு வரி எந்தக் காகிதத்திலும் இல்லை. இதுக்குப் பேர் அலட்சியம் இல்லை. பிரிக்காத வேலை.

அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவங்க ஒன்னே ஒன்னுதான் சொன்னாங்க: "என்னைச் சமைக்கப் பார்த்துக்கச் சொன்னீங்க, பார்த்துக்கிட்டேன். மத்ததெல்லாம் என் கணக்குன்னு யாருமே சொல்லலையே."

அதுக்கு அடுத்த வாரம் கோயில் மண்டபத்தில் மணிலா அட்டை விரிச்சு உட்கார்ந்தோம். அக்காவும் வந்தாங்க. எங்க குழுவில் ஒரு தம்பி கட்டுமான வேலையில் சூப்பர்வைசர். "எங்க சைட்டில் 'வீடு கட்டு'ன்னு யாருக்கும் வேலை குடுக்க மாட்டோம்ணே. அடித்தளம், தூண், சுவர், கூரை, வயரிங்னு பிரிப்போம். அப்புறம் ஒவ்வொன்னையும் இன்னும் சின்னதாப் பிரிப்போம். ஒருத்தர் கையில் குடுத்து, முடிஞ்சதான்னு கேட்டா ஆமா, இல்லைன்னு பதில் வர்ற வரைக்கும் பிரிக்கணும்" என்றார். ஆபீஸ்காரர்கள் இதை ஒர்க் பிரேக்டவுன் ஸ்ட்ரக்சர் என்பார்களாம். அமெரிக்காவில் 1950களின் கடைசியில் ஏவுகணை மாதிரி பெரிய திட்டங்களைச் சமாளிக்கும்போது வளர்ந்த முறை. 1968ல் அந்த நாட்டுப் பாதுகாப்புத் துறை இதை ஒரு தரநிலையாகவே எழுதி வச்சது.

பேர் பெருசா இருந்தாலும் விஷயம் எளிசு. அட்டை நடுவில் "சாப்பாடு"ன்னு எழுதி, அதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு அக்காவையும் மாஸ்டரையும் கேட்டோம். 2,000 பேருக்குச் சாப்பாடு. ஒரு கிலோ அரிசி பத்துப் பேருக்குன்னு வச்சா 200 கிலோ, அதாவது 10 கிலோ பை 20. அந்தக் கணக்கைப் போடுறது ஒரு வேலை. கடையில் சொல்றது ஒரு வேலை. லோரி வரும்போது நின்னு எண்ணி இறக்குறது ஒரு வேலை. நனையாத இடத்தில் அடுக்குறது ஒரு வேலை. காய்கறி நறுக்க முதல் நாள் ராத்திரி ஆள், கத்தி, பலகை, உட்கார இடம். அண்டா இரவல் வாங்குறது, அதைத் திருப்பிக் குடுக்குறது. அபிஷேகத்துக்குத் தண்ணி திறக்கிற அதே நேரத்தில் சமையல்கட்டுக் குழாயில் தண்ணி வராது, அதுக்குத் தொட்டி நிரப்பி வைக்கணும். இலை, டம்ளர், கை கழுவுற இடம், குப்பைப் பை, பந்தி பரிமாற எத்தனை பேர், அவங்க எப்போ சாப்பிடுவாங்க. அப்புறம் கேஸ்: எத்தனை தோங், யார் சொல்றது, யார் மாட்டுறது, நிரம்பிய தோங் ஒன்னு எப்பவும் கையெட்டும் தூரத்தில் இருக்கான்னு யார் பார்க்குறது.

எண்ணிப் பார்த்தோம். 41 சீட்டு.

அக்கா அந்த அட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "இத்தனையையும் நான் ஒருத்தியாவா பார்த்தேன்?"னு கேட்டாங்க. எங்களால் தலை நிமிர முடியல.

இதிலிருந்து நாங்க கத்துக்கிட்டது நாலு.

ஒன்னு, சீட்டில் எழுத வேண்டியது முடிவு. "கேஸ் பார்த்துக்கணும்" என்பது வேலை இல்லை, கவலை. "சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்குள் நிரம்பிய 8 தோங் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கணும்" என்பதுதான் வேலை.

ரெண்டு, ஒரு சீட்டுக்கு ஒரு பேர். உதவிக்குப் பத்துப் பேர் வரலாம். ஆனா கேட்டா பதில் சொல்றவர் ஒருத்தர்தான்.

மூணு, சீட்டு எல்லாத்தையும் கூட்டினா முழு வேலையும் வரணும். எது விட்டுப் போகும் தெரியுமா? எப்பவும் கடைசியில் வர்றதுதான். அண்டா கழுவுறது, குப்பை ஏத்துறது, இரவல் வாங்கினதைத் திருப்புறது, கணக்கை முடிக்கிறது, உபயக்காரர்களுக்கு நன்றி சொல்றது. சாமி உள்ளே போனதும் நமக்குத் திருவிழா முடிஞ்சிடும். வேலை முடியாது.

நாலு, ரொம்பவும் பிரிக்கக் கூடாது. உப்புக்கு ஒருத்தர், புளிக்கு ஒருத்தர்னு போனா சீட்டைப் பார்த்துக்கவே தனி ஆள் வேணும். ஒருத்தர் அரை நாளில் முடிக்கிற அளவு வந்ததும் நிறுத்திக்கணும்.

"இது கோயில், ஆபீஸ் இல்லை. அம்மா பார்த்துப்பா"ன்னு சில பெரியவங்க சொல்றாங்க. அம்மா பார்த்துப்பா என்பதில் எங்களுக்கும் சந்தேகம் இல்லை. ஆனா நம்ம கும்பாபிஷேகப் பத்திரிகையை எடுத்துப் பாருங்க. அனுக்ஞை, விக்னேஸ்வர பூஜை, கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், வாஸ்து சாந்தி, மிருத்சங்கிரகணம், அங்குரார்ப்பணம், ரக்ஷாபந்தனம், யாகசாலைப் பிரவேசம். அப்புறம் ஒவ்வொரு காலப் பூஜை, பூர்ணாகுதி, கடம் புறப்பாடு. "கும்பாபிஷேகம் செய்யவும்"னு ஒரே வரியா ஆகமம் சொல்லிட்டுப் போகல. மிருத்சங்கிரகணத்தில் எடுக்கிற மண்ணில்தான் அங்குரார்ப்பணத்துக்கு முளைப்பாலிகை போடறாங்க. மண் வரலைன்னா முளை இல்லை. எது முன்னால, எது பின்னால, எந்தக் குண்டத்துக்கு யார் என்பது வரை பிரிச்சு வச்சிருக்கு. அம்மனுக்குச் செய்ற காரியத்தையே இவ்வளவு ஒழுங்காப் பிரிக்கிறோம். அவளைப் பார்க்க வர்ற பிள்ளைகளுக்குச் சோறு போடுறதை மட்டும் ஏன் "பார்த்துக்கலாம்"னு விடணும்?

இன்னொரு கேள்வியும் வந்தது, அது நியாயமான கேள்வி. "இருபது வருஷமா நாங்க சீட்டு இல்லாமத்தானே செஞ்சோம்?" செஞ்சீங்கண்ணே, மறுக்கல. அந்த 41 சீட்டும் உங்க தலையில் இருந்துச்சு. அதனாலதான் ஓடிச்சு. உங்களை ஒதுக்கிட்டு இதைச் செய்யவே முடியாது. சீட்டில் என்ன எழுதணும்னு தெரிஞ்சவங்களே நீங்கதான். நீங்க உடம்பு முடியாம ரெண்டு நாள் படுத்தா கோயிலும் கூடப் படுத்துடக் கூடாதுன்னுதான் எழுதி வைக்கச் சொல்றோம்.

நவராத்திரிக்குச் சின்ன அளவில் இதைச் செஞ்சு பார்த்தோம். எல்லாம் சரியா நடந்ததுன்னு பொய் சொல்ல மாட்டோம். ரெண்டு சீட்டு நடக்கல. ஆனா நடக்கலைன்னு மூணு நாள் முன்னாலயே தெரிஞ்சுது, வேற ஆள் போட்டோம். போன வருஷம் பதினொன்றே காலுக்குத்தானே தெரிஞ்சுது!

எங்களுக்கே எதிர்பாராத நன்மை ஒன்னும் நடந்தது. இதுவரை தொண்டுக்கு வராத சிலர் வந்தாங்க. ஏன் முன்னால வரலைன்னு கேட்டோம். "வந்தா என்ன செய்யணும்னு தெரியல. ஒரு தடவை வந்துட்டா அப்புறம் விட மாட்டீங்களோன்னும் பயமா இருந்துச்சு"ன்னு ஒரு தம்பி வெளிப்படையாவே சொன்னார். பிள்ளைங்களுக்குப் பக்தி குறைஞ்சு போச்சுன்னு நாம புலம்பிக்கிட்டு இருந்தோம். தொடக்கமும் முடிவும் தெரியற ஒரு வேலையை அவங்க கையில் நாம குடுத்ததே இல்லை.

கும்பாபிஷேகத்துக்கு மொத்தம் 187 சீட்டு எழுதியிருக்கோம். செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கு. பேர் எழுதினது பச்சை, எழுதாதது வெள்ளை. நேத்து ராத்திரி வரை 63 வெள்ளை. முட்டி வலி இருக்கிறவங்க உட்கார்ந்தபடியே விபூதி, குங்குமம் பொட்டலம் மடிக்கிற சீட்டு இருக்கு. லோரி ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு இருக்கு. மாலை வேலைக்குப் போறவங்க காலையில் ரெண்டு மணி நேரம் செய்யவும் இருக்கு. ஒன்னே ஒன்னு எடுங்க, போதும். முடியலைன்னா முன்கூட்டியே சொல்லிடுங்க, யாரும் கோபிக்க மாட்டோம். சொல்லாம விட்டாத்தான் கஷ்டம்.

அக்கா இந்தத் தடவை சமையல்கட்டை எடுத்துக்கல. "நான் பலகையைப் பார்த்துக்கிறேன்"னு சொல்லிட்டாங்க. சீட்டு எவ்வளவு சின்னதானாலும் மொத்தத்தையும் பார்க்க ஒரு கண் வேணும்தானே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் பலகை முன்னால நிக்கிறாங்க. சந்தேகம் இருந்தா அவங்களைக் கேளுங்க. போன வருஷம் நீங்க ஏதாவது சொல்லியிருந்தா, அப்படியே ஒரு வார்த்தை பேசிட்டும் வாங்க.

137ஆம் சீட்டு இது: "சக்கர நாற்காலியில் வர்றவங்களையும் முதியவங்களையும் வரிசையில் நிக்க வைக்காமல் முதல் பந்தியில் உட்கார வைத்து, சாப்பிட்டு முடிக்கிற வரை பக்கத்தில் இருக்கணும்." படிவம் 4 படிக்கிற ஒரு பாப்பா அதில் தன் பேரை எழுதியிருக்கு. அந்தப் பாட்டி யார் வீட்டுப் பாட்டின்னு தெரிஞ்சவங்க, தயவு செஞ்சு கும்பாபிஷேகத்துக்குக் கூட்டிட்டு வாங்க.

அம்மன் துணை.