'சில்லி' என்று திட்டலாமா?

போன வாரம் என் ஏழு வயசுப் பெண் புது பென்சில் பாக்ஸ் இல்லாமல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். "பக்கத்துல உக்கார்றவ அழுதாம்மா, குடுத்துட்டேன்" என்றாள். "சில்லி கேர்ள்! யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துடுவியா?" என்று கத்திவிட்டேன். குழந்தையின் முகம் சுருங்கிப் போயிற்று.

ராத்திரி மனசு கேட்காமல் பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல்லின் பழைய பொருள் 'பாக்கியம் பெற்ற' என்பதாம்! அதன் உறவுச் சொல்லான ஜெர்மன் 'ஸேலிக்'குக்கு இன்றும் அந்த அர்த்தம் உண்டு. இடைக்கால இங்கிலாந்தில் 'சீலி' என்றால் களங்கமில்லாத, சூதுவாது அறியாத. பிறகு 'பரிதாபத்துக்குரிய', 'பலவீனமான' என்று இறங்கி, 16-ஆம் நூற்றாண்டில் 'முட்டாள்தனமான' என்றாகிவிட்டது. ஷேக்ஸ்பியர் ஆடுகளை 'சில்லி' என்றது திட்டு இல்லை. 'பாவம், சாது' என்ற பரிவுதான்.

நம் தமிழில் தலைகீழ். திருக்குறளில் 'வெகுளி' என்றால் கோபம். இன்றைக்கோ கள்ளமில்லாதவரை வெகுளி என்கிறோம்!

மறுநாள் "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்தது?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லே" என்றாள். சுருக்கென்றது. மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "நீ இரக்கப்பட்டது தப்பில்லேடா கண்ணு. அடுத்த தடவை அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடு" என்றேன். அப்புறம்தான் வாய் திறந்தாள்.

ஏமாறாமல் இருக்கக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியதுதான். அதற்காகக் கள்ளமில்லாத மனசையே அசட்டுத்தனம் என்று சொல்லிவிட்டால், அந்த மனசு நம்மிடமே மூடிக்கொண்டுவிடும்.