அத்தியட்சரின் மடல்

அத்தியட்சர்கள் தம் மந்தைக்கு மடல் எழுதுதல் கிறிஸ்தவ சபையின் மிகப் பழைய வழக்கம். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களுள் 21 நூல்கள் மடல்களே என்பதை நினைத்தால் அவ்வழக்கத்தின் வயது விளங்கும். விசுவாசத்தில் தளராதிருத்தல், பிள்ளைகளை நல்வழியில் வளர்த்தல், ஆலயத்துக்கு ஒழுங்காக வருதல் முதலியனவே இத்தகைய மடல்களின் பொருளாயிருப்பது இயல்பு. ஆலயத்திலே குருவானவர் வாசிப்பார்; சபையார் கேட்டு வீடு திரும்புவர். பொலிசார் வந்து அவற்றைப் பறித்துச் செல்லும் தேவை எந்த நாட்டிலும் எளிதில் நேர்வதில்லை. 1941ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நோர்வே நாட்டில் அது நேர்ந்தது. மடலிற் கையொப்பமிட்டவர்கள் அந்நாட்டின் ஏழு லூதரன் அத்தியட்சர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஒஸ்லோ அத்தியட்சர் ஐவின் பெர்க்ராவ்.

மார்ட்டின் லூதரின் சீர்திருத்தம் 1537இல் அரச ஆணையினாலேயே நோர்வேயில் நிலைபெற்றது. அன்று தொடக்கம் அரசன் சபைக்கும் தலைவனாயிருந்தான். குருமார் அரசாங்க உத்தியோகத்தராயிருந்தனர். பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்வதும் அவர்கள் கடமையாயிருந்தது. இச்சபை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு ஐயரை அனுப்பியவன் டென்மார்க்கையும் நோர்வேயையும் ஒருங்கே ஆண்ட நான்காம் பிரடெரிக் மன்னன்.

பெர்க்ராவ் 1884இல் பிறந்தவர். அவருடைய தந்தையாரும் ஓர் அத்தியட்சர். 1908இல் இறையியற் படிப்பை முடித்த பின்னரும், விசுவாசத்தில் ஐயங்கொண்டமையால், ஏறத்தாழப் பத்தாண்டுகள் குருப்பட்டம் பெறாமல் விலகி நின்றார். அக்காலத்தில் அவர் பார்த்த தொழில் ஆசிரியத் தொழில். (நம் தொழிலின் மீது நமக்குள்ள பற்றினாலேதான் இதைச் சொல்கின்றோம் என்று வாசகர்கள் எண்ணினாலும் குற்றமில்லை.) பின்னர்ச் சிற்றூர்க் குருவானவராகவும், ஒஸ்லோவிற் சிறைச்சாலைக் குருவானவராகவும் பணி செய்தார். கைதியின் ஆன்மாவையும் நம்முடைய ஆன்மாவையும் பற்றி 1928இல் அவர் எழுதிய நூலின் தலைப்பிலேயே, கைதி வேறு நாம் வேறு என்று அவர் கருதவில்லை என்பது தெரிகின்றது.

அதே ஆண்டில் வடநோர்வேயின் அத்தியட்சரானார். அவ்வாதீனம் இலங்கையினும் பெரியது. மக்களோ மிகக் குறைவு. மாரிகாலத்தில் இரண்டு மாதங்களுக்குச் சூரியன் தலைகாட்டாத ஊர்கள் அங்குண்டு. மீனவர்களும் மான் மேய்க்கும் சாமி இனத்தவரும் வாழும் அக்கரைகளுக்குப் படகிலும் சறுக்குவண்டியிலும் சென்று கண்ட காட்சிகளை 1937இல் ஒரு நூலாக வெளியிட்டார். சபையென்பது கட்டடமன்று, ஒருவர் சொல்வதை மற்றவர் பொறுமையுடன் கேட்கும் இடம் என்னும் உணர்வு இத்தகைய பயணங்களிலும் சிறைக் கூடங்களிலுமே அவருக்கு வேரூன்றியிருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

1940 ஏப்ரல் 9ஆந் திகதி ஹிட்லரின் படை நோர்வேயிற் புகுந்தது. அந்த முதல் வாரங்களில் பெர்க்ராவ் நடந்துகொண்ட முறையை எல்லோரும் போற்றவில்லை. பொதுமக்கள் போரிலே தலையிடாதிருக்க வேண்டுமென அவர் வானொலியிற் கேட்டுக்கொண்டார். அது பகைவனுக்கு உதவிய பேச்சு என்று கண்டித்தோர் பலர். உயிர்ச்சேதத்தைத் தவிர்க்க எண்ணினார் என்பது உண்மையே. ஆயினும் அக்கண்டனத்தை முற்றாகத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

இனி அந்த மடலுக்கு வருவோம். அதிலே எடுத்துரைக்கப்பட்டவை மூன்று. நாசிக் கட்சியைச் சேர்ந்த நோர்வே இளைஞர் படையினர் தெருவிலும் கல்விக்கூடத்திலும் செய்த வன்முறை ஒன்று. நீதியில் தலையீடு பொறுக்காது உயர்நீதிமன்றத்து நீதியரசர் அனைவரும் 1940 டிசம்பரிற் பதவி துறந்தமை மற்றொன்று. இவ்விரண்டும் எவர் கண்ணுக்கும் பெரியனவாகத் தோன்றும். மூன்றாவது, குருவானவரிடம் ஒருவர் அந்தரங்கமாகச் சொன்னதை வெளியிடுமாறு அவரை வற்புறுத்தப் பொலிசாருக்கு இடமளித்த புதிய ஆணை.

முதலிரண்டோடு ஒப்பிட இது சிறிய விஷயம் என்று தோன்றலாம். உண்மையில் மடலின் உயிர்நாடி இதுவே. லூதரன் சபையில் பாவசங்கீர்த்தனம் கத்தோலிக்க சபையிற்போல் எல்லோருக்கும் விதிக்கப்பட்டதன்று. மனம் நொந்த ஒருவன் தானாக வந்து குருவானவரிடம் பேசுவான். பேசியது அவ்விருவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். நாட்டின் பழைய சட்டமே அந்த மௌனத்தைக் குருவானவர் மீது கடமையாக விதித்திருந்தது. அதை நீக்கினால் யாது நிகழும்? தலைமறைவாயிருக்கும் மகனைப் பற்றித் தாய் பேசமாட்டாள். பகைவருக்குத் துப்புக் கொடுத்துவிட்டு உறக்கம் இழந்தவன் வந்து அழமாட்டான். ஆலயம் திறந்திருக்கும், ஆராதனை நடக்கும், மணி ஒலிக்கும். உள்ளே சபை இராது. மாணவன் ஒருவன் மாலை நேரத்தில் தயங்கித் தயங்கி வந்து வீட்டு நிலைமையைச் சொல்லக் கேட்ட ஆசிரியர் எவருக்கும் இது விளங்கும்.

அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்று பவுலடிகள் எழுதினாரே, லூதரும் அதையே போதித்தாரே என்று ஆட்சியாளர் வாதித்தனர். இதற்குப் பெர்க்ராவ் 1941இல் ஒரு சொற்பொழிவிலே விடை கூறினார். வண்டியோட்டி மதிமயங்கிக் குதிரைகளைப் பள்ளத்தை நோக்கி விரட்டினால், உள்ளே இருப்போர் கைகட்டிக் கீழ்ப்படிந்திருத்தல் வேண்டுமோ? லூதரின் எழுத்துக்களிலிருந்தே அவர் சான்று காட்டினார்: ஆள்வோன் நீதிக்குக் கட்டுப்பட்டவன், அநீதி செய்யக் கட்டளையிட்டால் மறுத்தலே குடிமகனின் கடமை. அச்சொற்பொழிவு போர் முடிந்தபின் 1945இல் நூலாக வெளிவந்தது.

1942 பெப்ரவரி முதலாந் திகதி குவிஸ்லிங் அரசாங்கத் தலைவனாக முடிசூட்டப்படாத குறையாக அமர்த்தப்பட்டான். அன்று காலையில் துரொண்ட்ஹைம் பேராலயத்திலே அவனைச் சார்ந்த குருவானவர் ஒருவர் ஆராதனை நடத்தினார், வந்தோர் சிலரே. பிற்பகலில் ஆலயத்தின் தலைமைக் குருவானவர் பியெல்பூ ஆராதனை நடத்த முற்பட்டபோது மக்கள் திரண்டனர். பொலிசார் வாயிலை மறித்தனர். உள்ளே போக முடியாதவர்கள் கடுங்குளிரில் வெளியே நின்று லூதரின் கீர்த்தனத்தைப் பாடினர். பியெல்பூ பதவி நீக்கப்பட்டார்.

அதே வாரத்தில் 10 முதல் 18 வயது வரையான பிள்ளைகள் அனைவரும் கட்சியின் இளைஞர் சங்கத்தில் சேர வேண்டுமென்ற சட்டமும், ஆசிரியர்கள் கட்சிச் சங்கமொன்றிற் சேர வேண்டுமென்ற சட்டமும் வந்தன. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் மறுத்துக் கடிதம் எழுதினர். சுமார் 1,100 பேர் கைதாயினர். அவர்களுள் ஏறத்தாழ 500 பேரைக் கப்பலொன்றில் நெருக்கி அடைத்து, வடகோடியிலுள்ள கிர்க்கெனஸ் துறையில் மூட்டை சுமக்க அனுப்பினர்.

பெப்ரவரி 24ஆந் திகதி ஏழு அத்தியட்சர்களும் பதவி துறந்தனர். இங்கே அவர்கள் செய்த பகுப்பு நுட்பமானது. அரசாங்கம் தந்த உத்தியோகத்தை, அதன் வேதனத்தோடும் அதிகாரத்தோடும், அரசாங்கத்திடமே திருப்பிக் கொடுத்தனர். குருப்பட்டம் பெற்றபோது பலிபீடத்தின் முன் ஏற்ற ஊழியத்தை அரசாங்கம் தரவில்லை. ஆதலால் அதைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, இதனை விளக்கும் அறிக்கை ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. குருமாருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் அவ்வாறே விலகினர். மனைவி மக்களோடு அரசாங்க விடுதியில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று அறியாதவர்கள். சபையார் இரகசியமாகப் பணந் திரட்டி அவர்களைத் தாங்கினர். அரசாங்கம் நியமித்த புதிய அத்தியட்சர்களின் ஆலயங்களோ வெறிச்சோடிக் கிடந்தன.

பெர்க்ராவ் அம்மாதத்திலேயே சிறைப்பட்டு, பின்னர் ஒஸ்லோவுக்கு அருகே காட்டிலிருந்த தம் குடிலில் 1945 வரை காவலில் வைக்கப்பட்டார். சபையின் மறைமுகத் தலைமை 1942 நவம்பரில் யூதர் துன்புறுத்தப்படுவதைக் கண்டித்துக் குவிஸ்லிங்குக்கு எழுதிய மடலும் சிறந்ததே. ஆயின் அது தாமதித்து வந்தது. அம்மாதம் 26ஆந் திகதி 500க்கு மேற்பட்ட யூதரை ஏற்றிய கப்பல் ஒஸ்லோவிலிருந்து புறப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் ஔஷ்விற்ஸில் மாண்டனர். தன் உரிமைக்காக 1941இலேயே பேசிய சபை அயலவனுக்காக இன்னும் முந்திப் பேசியிருக்கலாகாதா என்னும் கேள்வி எஞ்சி நிற்கின்றது.

போரின் பின் பெர்க்ராவ் 1950 வரை அத்தியட்சராயிருந்து, 1959இற் காலமானார். குருமார் அரசாங்க உத்தியோகத்தராயிருக்கும் முறை நோர்வேயில் 2017 ஜனவரி முதலாந் திகதிதான் முடிவுற்றது. 1952இல் ஹனோவரிற் கூடிய உலக லூதரன் மாநாட்டில் அவர் ஆற்றிய உரையொன்று பலரைத் திகைக்க வைத்தது. மக்களின் நோய், வறுமை, கல்வி யாவற்றையும் தானே ஏற்கும் நலன்புரி அரசும் நாளடைவில் எல்லாம் வல்லதாக முற்படும், சபை விழித்திருத்தல் வேண்டும் என்றார். இலவசக் கல்வியினால் முன்னேறிய நம்மவர்க்கு இதனை அப்படியே ஏற்பது அரிது. வண்டியோட்டி மதிமயங்கியதைக் கண்டவர், நல்ல ஓட்டியையும் சற்றுச் சந்தேகத்துடனேயே பார்த்தார் போலும்.