பேகனும் பட்ஜிக் கிளியும்

மயில் குளிரால் நடுங்கிற்றென்று எண்ணிப் போர்வை ஈந்த பேகனின் கொடைமடத்தை வகுப்பிலே வியந்து கற்பிக்கின்றோம். நுவரெலியாவில், 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்துக் குளிரில், கூண்டுப் பட்ஜிக் கிளி பகலிலும் நெடுநேரம் சிறகு சிலிர்த்துப் பந்துபோல் ஒடுங்கியிருந்தாலோ, அழகென்று மகிழ்கின்றோம். அழகன்று அது, நோயின் அறிகுறி.

பகைக்கு அஞ்சி நோயை மறைப்பது பறவையியல்பு. நம் கண்ணுக்குப் புலப்படுங்கால் பெரும்பாலும் முற்றியிருக்கும். மூச்சுதோறும் வால் அசைதல், கூண்டின் தரையில் கிடத்தல், இரை மறுத்தல், எச்சம் வேறுபடல் ஆகியவை அது பேசும் மொழி. இவற்றுள் ஒன்று தோன்றினும், ஏனைய கிளிகளினின்று பிரித்து, குளிர்காற்றுப் படாத வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, அன்றே மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும். ‘நாளை பார்க்கலாம்’ என்பது சிற்றுயிர்க்குக் கூற்று.

பேகனின் கண் பிழைத்தது, நெஞ்சு பிழைக்கவில்லை. பறவையைக் கூண்டில் அடைத்த நமக்கோ இரண்டும் பிழைத்தல் ஆகாது.