ஈரக்கால் தடத்தை நம்பி ஷூ வாங்கலாமா?

மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவர்களிடமும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுகிறவர்களிடமும் ஓர் ஆலோசனை தாராளமாகக் கிடைக்கும். காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் வை. உள்பக்கம் வளைவாக விட்டுப் பதிந்தால் நல்ல பாதம். முழுசாகப் பதிந்தால் தட்டைப் பாதம். குதிகாலும் முன்பாதமும் மட்டும் பதிந்தால் வளைவு உயர்ந்த பாதம். தட்டைக்கு உள்பக்கம் கெட்டியாக முட்டுக்கொடுத்த ஷூ, உயர்ந்ததுக்கு மெத்தென்ற ஷூ, மற்றவர்களுக்குச் சாதா ஷூ. மாற்றிப் போட்டால் மூட்டு போய்விடும்.

பெரிய கடைகளில் தண்ணீருக்குப் பதிலாக ஒரு மின்னணுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஏறி நின்றதும் திரையில் சிவப்பும் நீலமுமாகப் பாதம் தெரிகிறது. "அண்ணே, உங்களுக்கு ஃப்ளாட் ஃபுட். சாதா ஷூ எடுத்தீங்கன்னா ஆறே மாசத்துல முட்டி வலி வந்துரும்" என்கிறார் விற்பனைப் பையன். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு.

முதலில், தடத்தைப் பார்த்தாலே பாதம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. ஈரத்தடம் என்பது அசையாமல் நிற்கும் கால். ஓடும்போது உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை அதே பாதத்தில் இறங்குகிறது. அப்போது தசைநார்கள் எவ்வளவு இழுத்துப் பிடிக்கின்றன, குதிகால் எவ்வளவு சாய்கிறது என்பதெல்லாம் தரையில் காய்ந்துகொண்டிருக்கும் அந்தத் தடத்தில் கிடையாது. வேண்டுமானால் ஒரு சோதனை செய்யலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்புங்கள், இன்னொருவரை உள்பக்கமிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது தட்டையாக இருந்த பாதத்தில் வளைவு எழுந்துவிட்டால் அது நெகிழ்வான பாதம். எழவே இல்லையென்றாலோ, எழும்பும்போது வலித்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் ஈரத்தடம் ஒரே மாதிரிதான் விழும்.

இந்த வேறுபாட்டை ராணுவமே ஏற்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் ஓடும் பையன்களில் எத்தனையோ பேர், தட்டைப் பாதம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சோர்ந்துபோகிறார்கள். இந்திய ராணுவத்தின் மருத்துவ விதி அப்படிச் சொல்லவில்லை. நுனிக்காலில் நின்றால் வளைவு திரும்பி வருகிறதா, நுனிக்காலில் குதிக்கவும் ஓடவும் முடிகிறதா, பாதம் வலியில்லாமல் வளைந்து கொடுக்கிறதா என்றுதான் பார்க்கச் சொல்கிறது. வளைந்து கொடுத்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது, பாதம் உள்பக்கம் சாய்வது கோளாறு என்பது. 'ப்ரொனேஷன்' என்று ஷூக்காரர்கள் சொல்கிற இந்தச் சாய்வு எல்லாருக்கும் உண்டு. குதிகாலின் வெளிவிளிம்பு முதலில் தரையைத் தொடுகிறது, பிறகு பாதம் உள்பக்கம் உருண்டு அதிர்வை வாங்கிக்கொள்கிறது, பெருவிரலால் தள்ளும்போது மீண்டும் விறைக்கிறது. பழைய செருப்பைத் திருப்பிப் பார்த்தால் குதிகாலின் வெளிமூலை தேய்ந்திருக்கும், அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. சாய்வு கூடுதலாக இருந்தால் காயம் வரும் என்பது உண்மைதானா என்று டென்மார்க்கில் சோதித்தார்கள். புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு, பாதம் எப்படியிருந்தாலும், ஒரே மாதிரியான சாதா ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். 2014-இல் வெளியான முடிவில், மிதமாகச் சாயும் பாதக்காரர்களுக்குக் காயம் கூடவில்லை. ஓடிய தூரத்தைக் கணக்கில் எடுத்தால் 'நல்ல பாதம்' உள்ளவர்களைவிட அவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

குழந்தைகள் விஷயத்தில் இந்தப் பயம் இன்னும் வீண். நடக்கப் பழகும் பிள்ளைகளுக்குப் பாதம் தட்டையாகத்தான் இருக்கும், வளைவு வளர வளர வரும். அதை வரவழைக்கிறோம் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கு விறைப்பான ஷூவும் உள்ளே முட்டும் வாங்கிப் போடும் பெற்றோர் இருக்கிறார்கள். 1992-இல் யு.பி. ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2,300 இந்தியக் குழந்தைகளின் பாதத்தடங்களை எடுத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காலணி அணியும் பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், அணியாதவர்களில் 2.8 சதவீதம் பேருக்கு. அதிலும் முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் குறைவு. ஷூதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஷூ போட்டால் வளைவு வரும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கில் ஆதாரம் ஒன்றும் கிடைக்காது.

மூன்றாவதுதான் முக்கியமானது. பாத வகைக்கேற்ற ஷூ காயத்தைத் தடுக்கும் என்கிறார்களே, அது. இதை அமெரிக்கப் படைகளே பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டன. தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் பயிற்சிக்கு வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பாதத்தடம் பார்த்து மூன்று வகை ஷூக்களில் பொருத்தமானதைக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு எந்தப் பாதமானாலும் ஒரே வகை. காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

எதிர்த்தரப்புக்கும் ஓர் ஆதாரம் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. லக்சம்பர்க்கில் 372 ஓட்டக்காரர்களை ஆறு மாதம் கவனித்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், உள்சாய்வைக் கட்டுப்படுத்தும் ஷூ போட்டவர்களுக்குக் காயம் குறைந்தது. அந்தப் பலன் முக்கியமாக, அதிகம் சாயும் பாதக்காரர்களிடம் தெரிந்தது. ஆக, சிலருக்கு அந்த ஷூ உதவலாம். தடம் தட்டையாக விழுந்த எல்லாரும் அதை வாங்க வேண்டும் என்ற முடிவுக்கு இதிலிருந்து போக முடியாது.

வளைவைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் அகலத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். நம் ஊர்க் கால் அகலமானது. சிறுவயதில் வெறுங்காலோடும் அப்புறம் ரப்பர் செருப்போடும் வளர்ந்து, விரல்கள் விரிந்த கால். கடையில் இருப்பதோ பிரிட்டிஷ், ஐரோப்பிய அளவுகளில் வார்த்த ஷூ. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்து, 'பா' என்ற பெயரில் இந்தியர்களுக்கெனத் தனி அளவுமுறையை முன்வைத்திருக்கிறது. இந்தியப் பாதம் பொதுவாக அகலம் கூடியது என்பதும் அந்த அளவெடுப்பில் தெரியவந்தது. அகலம் போதாதவர் ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறார். குதிகால் வழுக்குகிறது, நாடாவை இறுக்கிக் கட்டுகிறார், மேல்பாதம் மரத்துப்போகிறது. கடைசியில் பழி தட்டைப் பாதத்தின் மேல் விழுகிறது.

ஷூ இல்லாமல் ஓடினால் கால் கெட்டுவிடும் என்பவர்களுக்குச் சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை நினைவூட்டலாம். மதுரைக்குப் பக்கத்து ஊர்ப் பெண். கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாளிடம் வளர்ந்து, வெறுங்காலோடு போட்டிகளில் ஓடி, பயிற்சியாளர் கண்ணன் கண்ணில் பட்டவர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஆனால் இதையே பிடித்துக்கொண்டு, வெறுங்கால்தான் இயற்கை, ஷூவே வியாபாரம் என்று பேசும் இன்னொரு கூட்டத்தோடும் நான் சேரமாட்டேன். வசதி கிடைத்ததும் அவரும் ஸ்பைக்ஸுக்கு மாறினார். வெறுங்கால் அவர் தேர்ந்தெடுத்ததல்ல, வாங்க முடியாததால் வந்தது.

இந்தப் பேச்சில் ஓடுகிறவர்கள் மட்டும்தான் வருகிறார்கள். மாசி வீதிகளின் ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் பெண்களின் கால் ஓடுவதில்லை, நிற்கிறது. அவர்களுக்கு எந்த விலை ஷூவும் முழுத் தீர்வில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் சட்டம் திருத்தியதே, அந்த நாற்காலி செய்வதை எந்த மெத்தை ஷூவும் செய்யாது.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு கால் இயக்கத்தை ஆராய்ந்த பென்னோ நிக், 2015-இல் ஒரு கருத்தைச் சொன்னார். ஒவ்வொரு உடலுக்கும் தனக்குப் பிடித்த இயக்கப் பாதை ஒன்று உண்டு, சுகமாக இருக்கும் ஷூ அந்தப் பாதையைக் குலைக்காது என்றார். இது இன்னும் கருதுகோள்தான். இருந்தாலும் தடம் பார்ப்பதைவிட இது பரவாயில்லை, குறைந்தது காலைக் கேட்டு முடிவெடுக்கிறது.

ஆகவே கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் வீங்கித் தன் பெரிய அளவில் இருக்கும். போகும் முன் நாளிதழில் காலை வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்து, வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஷூவின் இன்சோலை உருவி அதன்மேல் அந்தக் காகிதத்தை வையுங்கள். சுண்டுவிரல் பக்கம் காகிதம் வெளியே பிதுங்கினால் பிராண்டு எதுவானாலும் வேண்டாம். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூவை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்குவதை வைத்துவிடுங்கள். பிறகு கடைக்குள்ளேயே நன்றாக நடந்து பாருங்கள். 'போடப் போட இளகிரும்' என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

இந்தச் சுகக் கணக்கு ஓர் இடத்தில் பொய்யாகும். பல வருடமாகச் சுகர் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எந்தச் செருப்பும் சுகமாகத்தான் தோன்றும். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் புண் வருவதற்குக் காரணம் நோய் சதையைத் தின்பதல்ல, வலி தெரியாமல் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்துவதுதான் என்று காட்டினார். சுகர் காலிலும் நடப்பது அதுதான். எம்.சி.ஆர். செருப்பு என்று மருந்துக்கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, அந்த மென்மையான நுண்துளை ரப்பர் இந்த அழுத்தத்தைப் பரப்பத்தான். சுகர் உள்ளவர்கள் ஷூ வாங்கும் முன் மருத்துவரிடம் பத்து கிராம் நைலான் இழையால் பாத உணர்வைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பின்வார் வைத்த செருப்பாக வாங்க வேண்டும், கழன்று விழுந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவதாயிருந்தாலும் கல் சுடும் முன் காலையிலேயே போய்வருவதுதான் அவர்கள் காலுக்கு நல்லது.