எங்கட வரலாறாம்!

நான் வேலை செய்கிற றெஸ்ரோறன்ருக்குப் போன மாதம் பெயின்ற் அடித்தார்கள். பெயின்ற் காய்ந்த அடுத்த நாள் பத்துறோன் ஒரு படத்தைக் கொண்டுவந்து வாசலுக்கு நேரே மாட்டினார். இணையத்தில் எங்கேயோ எடுத்து ஆளுயரத்துக்குப் பெருப்பித்துச் சட்டம் போட்ட படம். நூறு வருடத்துக்கு முந்திய தபாலட்டை ஒன்றின் பிரதி. ஒரு பெண் நிற்கிறாள். தலையில் கொளுவிய கயிறு முதுகில் கொழுந்துக் கூடையைத் தாங்குகிறது. காதிலும் மூக்கிலும் நகை, காலில் ஒன்றுமில்லை. கீழே ஆங்கிலத்தில் ‘தமிழ்ப் பெண், சிலோன்’ என்று அச்சடித்திருக்கிறது.

“எப்பிடி?” என்றார் பத்துறோன்.

“ஆர் அண்ணை இது?” என்று கேட்டேன்.

“ஆரெண்டால்? எங்கட வரலாறடா தம்பி. அந்தக் காலத்தை ஜன்னலுக்குள்ளால பார்க்கிற மாதிரி இல்லையோ?”

அன்றிலிருந்து குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் போய் வரும்போதெல்லாம் அந்தப் பெண்ணைப் பார்க்கிறேன். சனிக்கிழமை இரவு நாற்பது தடவையாவது பார்ப்பேன். ஒரு கிழமை கழித்துத்தான் எனக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. அவளுக்குப் பின்னால் இருக்கிற மரம் மரமில்லை, சீலையில் கீறிய மரம். கூடைக்குள் ஒரு கொழுந்துகூட இல்லை. இடது கையைப் பொத்திப் பிடித்திருக்கிறாள்.

அதாவது அவள் நிற்பது தேயிலை மலையில் இல்லை. ஸ்ரூடியோவில்.

இனி நான் எழுதப்போவது பத்துறோனுக்கு மட்டுமில்லை. முகநூலில் பழைய படங்களைப் போட்டு ‘காலத்தின் சாளரம்’, ‘நம் முன்னோரின் பொற்காலம்’ என்றெல்லாம் எழுதி ஐந்நூறு லைக் வாங்குகிற எல்லா அன்பர்களுக்கும்தான். கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை.

1869 இல் சூயஸ் கால்வாய் திறந்தபிறகு நீராவிக் கப்பல்கள் வரிசையாகக் கொழும்புக்கு வரத் தொடங்கின. கப்பலால் இறங்கிய வெள்ளைக்காரப் பயணிகள் ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது வாங்க வேண்டுமல்லவா? ஸ்கீன், ஸ்கோவன், பிறகு பிளாட்டே என்று படக்கடைகள் அவர்களுக்காக வேலை செய்தன. யானை, விகாரை, தென்னந்தோப்பு, அதோடு மனிதர்கள். மனிதர்கள் என்றால் பெயரோடு இல்லை, இனத்தோடு: சிங்களப் பெண், தமிழ்க் கூலி, முஸ்லிம் வியாபாரி. மீன்கடையில் பாரை, சூரை, விளை என்று மட்டை குத்தி வைப்பதைப்போல. அந்த மட்டையைத்தான் எங்கள் ஆட்கள் இப்போது வரலாறு என்று சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்.

யூலியா மார்கரெட் கமரோன் என்ற புகழ்பெற்ற படக்காரியைச் சிலர் அறிந்திருப்பீர்கள். இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் ஹேர்ஷலையும் படம் பிடித்தவர். கணவரின் கோப்பித் தோட்டங்களை நம்பி 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் அங்கேயே இறந்துபோனார். இங்கிலாந்தில் அவர் தன் வீட்டு வேலைக்காரியைக்கூட எத்தனையோ தடவை படம் பிடித்திருக்கிறார். அவளுடைய பெயர் மேரி ஹில்லியர், இன்றைக்கும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இலங்கையில் எடுத்த படங்களில் நான் பார்த்தவற்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்கிற மாதிரித்தான் இருக்கிறது. அதே கண், அதே கமரா, அதே அன்பு என்றே வைத்துக்கொள்வோம். கப்பலால் இறங்கியதும் பெயர் கேட்கிற வாய் மட்டும் எங்கே போனது?

அது மனிதரைச் சும்மா நிறுத்தி எடுத்த படம். பட்டினியை நிறுத்தி எடுத்த படமும் இருக்கிறது.

1876 தொடக்கம் 1878 வரை சென்னை மாகாணத்திலும் சுற்றுப்புறத்திலும் பஞ்சம். செத்தவர்கள் 50 இலட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். 1877 சனவரி முதலாந் திகதி டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்துப் பெரிய கொண்டாட்டம் வைத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்து கல்லுடைத்தவனுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த தானியம் நாளுக்கு ஒரு இறாத்தல், கிட்டத்தட்ட 450 கிராம். எங்கள் கடையில் இரண்டு பேர் சாப்பிடுகிற சோற்றுக்கு அவ்வளவு அரிசி போடுகிறோம், கறிகள் வேறு. அந்தப் பஞ்சத்தில் வில்லபி ஹூப்பர் என்ற படை அதிகாரி எலும்பும் தோலுமான மனிதர்களைக் குடும்பம் குடும்பமாக இருத்திப் படம் எடுத்தார். ஒரு படத்துக்கு அவர் வைத்த தலைப்பு, ‘இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள்’. அந்தத் தலைப்பை வாசித்தபோது எனக்குப் பாரிசில் அகதி மனு கொடுத்த நாள் ஞாபகம் வந்தது. அங்கேயும் முதலில் படம்தான் எடுத்தார்கள். தகுதி இருக்கிறதா என்று பிறகுதான் பார்த்தார்கள்.

இதே ஹூப்பர் 1886 இல் மண்டலேயில் பர்மியக் கைதிகளைச் சுடும்போது, குண்டு படுகிற கணத்தைப் பிடிக்கக் கமராவோடு நின்றார். இலண்டன் வரை பிரச்சினையாகி, விசாரணை வைத்துக் கண்டித்தார்கள். 

அக்காலப் பத்திரிகைகளால் புகைப்படத்தை அப்படியே அச்சடிக்க முடியாது. படத்தைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சடித்தார்கள். பெரிய படமென்றால் பல கட்டைத் துண்டுகளைப் பூட்டி, ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துச் செதுக்குவித்து, கடைசியில் தொடுப்பார்கள். பட்டினி கிடந்தவனின் விலா எலும்பை ஒருத்தன் செதுக்க, பின்னால் நின்ற பனையை இன்னொருத்தன் செதுக்கியிருப்பான். பனையைக் கண்ணால் கண்டவனாக அவன் இருந்திருக்கத் தேவையில்லை. இதைத்தான் ஜன்னல் என்கிறீர்கள்.

(இடையில் ஒரு பகிடி. எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் போன வருடம் பால்தேயுஸ் பாதிரியாரின் புத்தகத்திலிருந்து ஒரு தேவாலயப் படத்தைப் போட்டு ‘1672 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தின் அரிய புகைப்படம்’ என்று எழுதியிருந்தார்கள். 1672 இல் புகைப்படமா என்று கேட்டதற்கு என்னைத் துரோகி என்றார் ஒருவர். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், அந்தப் புத்தகம் அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. ஊர் ஊராகத் தேவாலயத்தைக் கீறி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வீடு கைமாறும்போது எழுதுகிற சாமான் பட்டியல்தான் ஞாபகம் வருகிறது. அதற்குக் கீழேயும் நூற்றுக்கணக்கில் இதயக்குறி.)

என் சிநேகிதன் ஒருவன் இதற்கெல்லாம் ஒரே பதில் வைத்திருக்கிறான். “டேய், 1981 இல நூலகத்தையே எரிச்சாங்கள். 95 இல ஊரோட வெளிக்கிட்டம், 2009 இல மிச்சமும் போச்சுது. எங்களிட்ட என்ன கிடக்குது? வெள்ளைக்காரன் எடுத்ததாவது கிடக்குதெண்டு சந்தோசப்படு.”

இது சின்னக் கேள்வியில்லை. பல இரவு யோசித்திருக்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, எனக்குப் பதினான்கு வயது, அம்மா நகையையும் அல்பத்தையும் ஒரே பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் வெளிக்கிட்டா. படத்தின் பெறுமதி எனக்கும் தெரியும். படங்களைத் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. ஆர் நிற்கிறாள், ஆர் நிற்கச் சொன்னது, ஆர் காசு கொடுத்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு மாட்டு என்கிறேன். அந்த வரியை எழுதப் பயமாக இருந்தால் ஏன் பயமென்று யோசி என்கிறேன்.

இந்தக் கடையிலிருந்து றிபப்ளிக் நடந்து போகிற தூரம். அதற்குப் பக்கத்தில் புல்வார் டு தாம்பிள். 1838 இல் டகேர் ஒரு ஜன்னலிலிருந்து அந்தத் தெருவைப் படம் எடுத்தார். வண்டியும் குதிரையும் சனமும் நெருக்குப்பட்ட தெரு, படத்திலோ வெறிச்சென்று கிடக்கிறது. வெளிச்சம் பிடிக்கச் சில நிமிடங்கள் எடுத்ததால் அசைந்தது ஒன்றும் பதியவில்லை. பதிந்தது மூலையில் ஒரு மனிதன் மட்டும். சப்பாத்துப் பாலிஷ் பண்ணுவதற்காகக் காலைத் தூக்கி வைத்து அசையாமல் நின்றதால் தப்பினான். குனிந்து பாலிஷ் பண்ணினவன் கலங்கலாகத் தெரிகிறான். வேலை செய்தவனின் கை அசையாமல் எப்படி இருக்கும்? மனிதன் பதிந்த முதற் புகைப்படம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். லீவு நாளில் அந்தத் தெருவால் நடந்துபோகும்போது எனக்கு நிற்கிறவனை விடக் குனிந்தவனிலேதான் மனம் போகும். பதினெட்டு வருடமாகக் கோப்பை கழுவியும் வெங்காயம் வெட்டியும் குனிந்தே நிற்கிற முதுகு எனக்கு.

சரி, சுவரில் தொங்குகிறவளுக்கு வருவோம்.

பஞ்சத்துக்குத் தப்பின சனத்தில் பெருந்தொகை கடல் கடந்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே கண்டி மலைக்கு நடந்தது. வழியில் வாந்திபேதியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள்தான் கோப்பி அழிந்தபிறகு தேயிலை எடுத்தார்கள். 1948 இல் சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் இருந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆளைப் பங்கு பிரித்தார்கள், 1,50,000 பேரின் கதையைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். அப்போது யாழ்ப்பாணத்தில் நாங்கள் அவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்? ‘தோட்டக்காட்டான்’. கலியாணம் பேசுகிற வீட்டில் அந்தச் சொல் விழுந்தால் பேச்சே முறியும். இன்றைக்கும் முறியும். பத்துறோனுடைய மகனுக்கு அந்த மலையிலிருந்து ஒரு பெண் வந்தால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சுவருக்கு மட்டும் அவள் ‘எங்கட வரலாறு’.

பத்துறோனை மட்டும் ஏசிவிட்டுப் போனால் நான் யோக்கியனில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தது. மலையகத்திலிருந்து ஆரோ தரகர் கொண்டுவந்து விட்ட பிள்ளை. பன்னிரண்டு வயதிருக்கும். என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும், அது பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா அதற்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டா, நாங்களும் அதையே கூப்பிட்டோம். சொந்தப் பெயர் வேறு. கேட்டதில்லை. 1989 இல் அக்காவின் சாமத்தியச் சடங்குக்கு ரவுனிலிருந்து படக்காரர் வந்தார். குடும்பமாக நிற்கும்போது அந்தப் பிள்ளை தட்டோடு கரையில் நின்றது. “பிள்ளை, கொஞ்சம் அங்கால தள்ளு” என்று சொன்னது படக்காரர் இல்லை. அம்மா. தள்ளியது போதாமல் படத்தின் வலது ஓரத்தில் தட்டும், தட்டைப் பிடித்த நாலு விரலும் விழுந்துவிட்டன. அந்த விரல்கள் அல்பத்தில் எத்தனை இடப்பெயர்வு கண்டன! வன்னிக்குப் போய்த் திரும்பி, கொழும்பால் கனடாவுக்குப் போயின.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் வரலாறு படித்தவன். 2006 இல் பாதை பூட்டினபிறகு படிப்பும் பூட்டுப்பட்டது. சாட்சியம், மூலாதாரம் என்று அங்கே படித்ததெல்லாம் எனக்கு அந்த நாலு விரலுக்குத்தான் உதவுகிறது. போன கிழமை ரொறன்ரோவிலுள்ள அக்காவிடம் அந்தப் படத்தை அனுப்பச் சொன்னேன். ஸ்கான் பண்ணி வைத்திருந்ததை அனுப்பினா. நிறம் கூட்டி, கீறல் எடுத்து, மிக வடிவாக இருக்கிறது. ஓரம் வெட்டியிருக்கிறது. தட்டுமில்லை, விரலுமில்லை.

“ஒறிஜினல் எங்கை அக்கா?”

“அது பூஞ்சணம் பிடிச்சிட்டுதடா. இப்ப என்னத்துக்கு?”

நேற்று மத்தியானம் கடையில் ஆட்கள் குறைந்த நேரம் பார்த்துப் பத்துறோனிடம் போனேன். படத்துக்குக் கீழே பிரெஞ்சில் இரண்டு வரி எழுதி ஒட்டலாமா என்று கேட்டேன். இவள் பெயர் தெரியாது, இது ஸ்ரூடியோவில் விற்பனைக்கு எடுத்த படம், இவளுடைய ஆட்களுக்கு இத்தனை வருடம் குடியுரிமை இருக்கவில்லை என்று. காகிதத்தில் எழுதியும் கொண்டுபோயிருந்தேன். வாங்கி வாசித்தார். மடித்துக் கல்லாவுக்குள் வைத்தார்.

“சாப்பிட வாற சனத்துக்கு உதெல்லாம் என்னத்துக்கடா தம்பி? போ, வெங்காயம் கிடக்குது” என்றார்.