மாக்கல் சட்டியில் கரைந்த உப்பு



மாசி பிறந்துவிட்டது. எங்கள் மரக்காணத்தில் மழைநீர் வடிந்து, உப்பளங்களில் மீண்டும் வேலை தொடங்கியிருக்கிறது. வைகறையில் பூமீஸ்வரர் திருக்கோயிலுக்குச் செல்லும்போது நின்று நோக்கினால், வரப்புகளுக்கு நடுவே பாத்திகள் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன. இன்னும் சில வாரங்களில் அவற்றில் வெள்ளை பூத்துவிடும். அந்த உப்பைப் பற்றியும், எங்கள் இல்லத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைப் பற்றியும் இவ்வாரம் உங்களோடு பேச விழைகிறேன்.

சென்ற ஐப்பசியில் என் இல்லாள் இறைவனடி சேர்ந்தாள். 46 ஆண்டுக்கால இல்லறம். அளங்கள் யாவும் மழைநீரில் மூழ்கிக் கிடந்த நாள் அது. அப்போது எங்கள் பேரனுக்குப் பதினாறு மாதம். மகனும் மருமகளும் பணிக்குச் செல்பவர்கள். ஆதலால் குழந்தைக்கு நண்பகல் உணவு ஊட்டுவது அவனுடைய ஆயாவின் கைங்கரியமாக இருந்தது. குழையக் குழைய வடித்த சோறு, பாசிப்பருப்பு, அரைக் கரண்டி நெய், சில சொட்டு உப்புநீர், இவ்வளவே அவ்வுணவு.

அந்த உப்புநீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இந்த உப்பளக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தந்தையார் அளத்தில் கணக்கு எழுதியவர். உப்பு எப்படி விளைகிறது என்பதை அவள் சிறுமியாக இருந்தபோதே கண்டிருந்தாள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக் கரைந்திருக்கிறது. அந்நீரை முதலில் பெரிய பாத்தியில் தேக்கி, பின் அடுத்தடுத்த பாத்திகளுக்குப் பாய்ச்சி, வெயிலில் வற்றவைத்துச் செறிவாக்குவர். முன்னதாகவே பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தியிருப்பர். கடைசிப் பாத்தியில் உப்புப் படிந்ததும் நீண்ட கோலின் முனையில் பொருத்திய பலகையால் வாரி, வரப்பில் குவிப்பர். பங்குனி, சித்திரை வெயிலில் அந்த உவர்நீரில் நின்று உழைக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கால்களில் வெடிப்பும், வெண்மையின் கூச்சத்தால் கண்களில் எரிச்சலும் உண்டு. மழைக்காலத்திலோ வேலையே கிடையாது.

இவற்றை அறிந்தவள் ஆதலால், கல்லுப்பில் அளத்து மண் கொஞ்சம் கலந்தே வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். நாள்தோறும் காலையில் ஒரு சிறு மாக்கல் சட்டியில் உப்பைக் கரைத்து வைப்பாள். மண் அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் சமையலுக்கு எடுத்துக்கொள்வாள். "பாத்தியில் இறங்கி வாருகிறவர்கள் பாடுபட்டுத் தந்தது. மண்ணோடு போட்டு அதைக் கெடுக்கலாமா?" என்பாள்.

அவள் மறைந்தபின் பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. உறவினரெல்லாம் ஊர் திரும்பினர். மருமகள் ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்தாள். அப்போதுதான் குழந்தை உண்ண மறுத்தான். ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வான். இரண்டு வாய் வாங்கினால் மூன்றாவதைத் துப்பிவிடுவான். கைப்பேசியில் பாட்டுக் காட்டினார்கள். பாட்டைப் பார்த்தான், சோற்றைப் பார்க்கவில்லை. நண்பகலானால் தத்தித் தத்திக் கொல்லைப்புறப் படிக்கட்டுக்குச் சென்று, அங்கே அமர்ந்துகொள்வான். யாரும் அழைத்தாலும் வரமாட்டான். யாரை எதிர்பார்க்கிறான் என்பதை நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அடுக்களையில் அந்த மாக்கல் சட்டி உலர்ந்து கிடப்பதைக் கண்டேன். பக்கத்தில் பொட்டலத்து உப்பு இருந்தது. துக்கம் சினமாக மாறுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? "இந்தப் பொட்டலத்து உப்பைப் போட்டால் பிள்ளை எப்படி உண்பான்? அவள் இருந்திருந்தால் இப்படிப் பட்டினி கிடப்பானா?" என்று மருமகளைக் கேட்டுவிட்டேன்.

அந்தப் பெண் எதிர்ச்சொல் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து என்னெதிரே வந்து நின்று, "மாமா, ஆண்டு நிறையும்வரை குழந்தைக்கு உப்பே வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். அதற்குப் பிறகும் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும் என்றார். அயோடின் கலந்த உப்பாக இருந்தால்தான் மூளை வளர்ச்சிக்கு நல்லது என்றும் சொன்னார். அத்தையிடம் அப்போதே சொன்னேன். பெரியவர்களுக்குக் கல்லுப்பு, பிள்ளைக்குப் பொட்டலத்து உப்பு என்று அவர்களே பிரித்து வைத்தார்கள். பிள்ளைக்காக அந்தச் சட்டியில் கரைத்தது பொட்டலத்து உப்பைத்தான். மண் இல்லாத உப்பை ஏன் கரைக்கிறீர்கள் என்று கேட்டேன். கைப்பழக்கம் போகவில்லை என்று சிரித்தார்கள்" என்றாள். பிறகு, "அவர்கள் இட்ட உப்பைத்தான் மாமா ஐந்து ஆண்டாக நானும் உண்டேன்" என்று சொல்லிக் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு நாணமாக இருந்தது. மருத்துவர் கூறியது முறையே. கடல் உப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிகச் சொற்பம். அதனால்தான் அயோடின் கலவாத உப்பை நேரடி உணவுக்கு விற்கலாகாது என்று 2006இல் நாடு முழுமைக்கும் விதி வந்தது. இதை என் இல்லாள் ஏற்றுக்கொண்டாள். நான் அறியவும் இல்லை, கேட்கவும் இல்லை. அதனினும் பெரிய பிழை, தாயைப் போன்ற மாமியாரை இழந்தவளும் அந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பதை மறந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. திருநாகேசுவரத்து உப்பிலியப்பன் நினைவுக்கு வந்தார். அத்தலத்தின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். துளசியின் அடியில் குழந்தையாகத் தோன்றிய பூமிதேவியை மார்க்கண்டேய மகரிஷி மகளாக வளர்த்து வந்தார். திருமால் முதியவர் வடிவில் வந்து அவளைப் பெண் கேட்டார். "இவள் சிறுமி, சமையலில் உப்பிடக்கூட அறியாள்" என்று மகரிஷி தயங்கினார். "உப்பில்லாமல் சமைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்" என்றார் பெருமாள். இன்றும் அச்சந்நிதியில் நிவேதனம் யாவும் உப்பின்றியே படைக்கப்படுகின்றன. அனைத்துலகும் படைத்தவன், வீட்டுக்கு வரும் ஒரு சிறு பெண்ணின் அறியாமையைக் குறையாகக் கொள்ளவில்லை. நானோ எங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணிடம், அவளிடம் இல்லாத குறையைத் தேடினேன்.

மறுநாள் காலை, "அம்மா, நேற்று நான் பேசியது தவறு" என்று மருமகளிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் அந்தச் சட்டியைக் கழுவி வைத்தாள். பொட்டலத்து உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து அதில் கரைத்தாள். "அத்தை எப்படி ஊட்டுவார்கள் மாமா? நான் அலுவலகத்தில் இருப்பேன். ஒரு நாளும் பார்த்ததில்லை" என்றாள்.

நான் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். நாளேட்டின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தவன் என்றாலும், இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கொல்லைப் படியில் குழந்தையை மடியில் இருத்துவாள். முதல் உருண்டையை அவன் கையிலேயே கொடுத்து, காக்கைக்கு மதிலின்மேல் வைக்கச் செய்வாள். காக்கை வந்து எடுத்த பிறகே அவனுக்கு முதல் வாய். இடையில் அவசரமே கிடையாது. அவன் ஓர் உருண்டையை அவளுக்கு ஊட்டினால், அதையும் வாங்கி உண்டு "நன்றாயிருக்கிறது" என்பாள்.

மருமகள் அவ்வாறே படியில் அமர்ந்தாள். குழந்தை நெடுநேரம் அவள் முகத்தைப் பார்த்தான். கையில் கொடுத்த உருண்டையை எடுத்துச் சென்று, எட்டாத மதிலை அண்ணாந்து பார்த்து, என் பக்கம் திரும்பினான். தூக்கிப் பிடித்தேன். வைத்தான். "கா, கா" என்றான். காக்கை வந்தது. அன்று அவன் நான்கு வாய்தான் உண்டான். நான்காவது உருண்டையைத் தாயின் வாயில் திணித்தான். அவள் அதை விழுங்க முடியாமல் சற்று நேரம் அப்படியே அமர்ந்திருந்தாள்.

இப்போது நன்றாக உண்கிறான். ஆயினும் என் உள்ளத்தில் ஒரு வருத்தம் இருந்துவந்தது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் முன்னோர் மொழி. மூன்று வயதுக்கு முன் நிகழ்ந்தவை பெரும்பாலும் மனத்தில் தங்குவதில்லை என்று அறிஞர்கள் கூறுகின்றனர். தனக்கு முதல் உப்பை இட்ட ஆயாவின் முகத்தை இந்தக் குழந்தை நினைவில் கொள்ளப் போவதில்லை. அவள் இட்டதெல்லாம் வீண்தானா?

விடை சாந்தோக்கிய உபநிடதத்தில் கிடைத்தது. அதன் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம், உப்பை நீரில் இட்டு மறுநாள் காலை வரச் சொல்கிறார். மகன் வந்ததும், "நேற்று இட்ட உப்பை எடுத்து வா" என்கிறார். தேடிப் பார்க்கிறான், காணவில்லை. நீரை மேலிருந்து பருகச் சொல்கிறார், நடுவிலிருந்து பருகச் சொல்கிறார், அடியிலிருந்து பருகச் சொல்கிறார். எங்கும் உப்பே கரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் நிறைந்திருக்கும் மெய்ப்பொருளைத் தந்தை மகனுக்கு உணர்த்திய விதம் அது.

அந்தப் பெரும்பொருளுக்குச் சொன்ன உவமையை என் சிறு வீட்டுக்கும் எடுத்துக்கொள்கிறேன். பிழையாயின் பெரியோர் பொறுத்தருள்க. பேரனுக்கு ஆயாவின் முகம் நினைவில் இராது. ஆனால் தான் உண்ணுமுன் காக்கைக்கு வைக்கிறான். கையில் உள்ளதைத் தாய்க்கு ஊட்டுகிறான். யார் கற்றுத் தந்தார் என்பதை அவன் அறியமாட்டான். கரைந்த உப்பை எடுத்துக் காட்ட முடியாது. ஆனால் சோற்றில் அது இருக்கிறது. நினைவுகூர்வது பெரியவர்களாகிய நம் கடமை. அவனுக்கு அந்தச் சுவை போதும்.

என்னைப் போல் துணையை இழந்த மூத்தோர் உங்களில் பலர் இருப்பீர்கள். மறைந்தவர் புழங்கிய பாத்திரத்தைப் பூட்டி வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்த பெண்ணின் கையில் கொடுங்கள். அவள் வேறு உப்பை இட்டாலும் அதை உவந்து உண்ணுங்கள். பேரப்பிள்ளைகளைக் கொண்டு காக்கைக்கு ஒரு பிடி வைக்கச் செய்யுங்கள். உப்பை எடுக்கும்போதெல்லாம், பாத்தியில் நின்று அதை வாரியவரின் கால்களையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

மாசி மகத்தன்று கடலோர ஊர்களில் இறைவன் கடலாட எழுந்தருள்வார். அன்று முன்னோரை நினைந்து கடலில் நீராடவிருக்கிறோம். பேரனும் தாயின் இடுப்பில் அமர்ந்து வருவான்.

எங்கள் ஊர்ப் பூமீஸ்வரப் பெருமான் உங்கள் இல்லங்களிலும் உண்பவர் வயிற்றையும் ஊட்டுபவர் மனத்தையும் நிறைவிப்பாராக.