ராணியம்மாளின் வேலையாட்கள்



வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. "எங்க வீட்ல அவளை வேலைக்காரியாவே நடத்தறதில்லீங்க, வீட்ல ஒருத்தி மாதிரிதான்!" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எஜமானியம்மாள் கண்ணை மூடிய பிறகு, அந்த 'வீட்ல ஒருத்தி'க்கு அதே வீட்டில் என்ன இடம் மிஞ்சுகிறது? இதைச் சொல்வதற்கு ஓர் அரண்மனைக் கதை எனக்குத் தெரியும். கற்பனைக் கதையல்ல, நடந்த கதை.

இங்கிலாந்துக்கு வடக்கே இருக்கிறது ஸ்காட்லாந்து. நம்ம கொடைக்கானல் மாதிரி மலையும் குளிரும் மூடுபனியும் நிறைந்த தேசம். அங்கே பால்மோரல் என்கிற இடத்தை விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் 1852-இல் வாங்கினார். புது மாளிகை 1856-இல் கட்டி முடிந்தது. 1861-இல் ஆல்பர்ட் காலமாகிவிட, 42 வயதில் 9 பிள்ளைகளோடு ராணி விதவையானார். அதற்குப் பிறகு கறுப்பு உடுப்புதான் கடைசிவரை.

துக்கத்தில் முடங்கிக் கிடந்தவரை வெளியே அழைத்து வந்தவர் ஜான் பிரௌன். பால்மோரலில் வேட்டைக்குத் துணை போகிற எடுபிடி ஆள் அவர். ராணி ஏறிப் போகும் மட்டக் குதிரையைப் பிடித்து நடத்திச் செல்வது, சால்வையை எடுத்துப் போர்த்துவது, வண்டியின் முன்னால் உட்கார்ந்து போவது எல்லாம் அவர் வேலை. மந்திரிகளே நடுங்குகிற ராணியை, 'ஏ பொம்பளே' என்கிற மாதிரி அதட்டக்கூட அதட்டுவாராம்! 1872-இல் ஒரு வாலிபன் துப்பாக்கியோடு ராணியின் வண்டியை நெருங்கியபோது, பாய்ந்து அவனைப் பிடித்தவர் பிரௌன்தான். அதற்காகத் தங்கப் பதக்கமும் ஆண்டுக்கு 25 பவுனும் கிடைத்தன. 1883-இல் அவர் இறந்தபோது ராணி பால்மோரலில் அவருக்குச் சிலையே வைத்தார்.

நாலு வருஷம் கழித்து, நம் இந்தியாவிலிருந்து ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்தார். அப்துல் கரீம், வயது 24. ஆக்ரா சிறைச்சாலையில் குமாஸ்தாவாக இருந்தவர். ராணி பட்டமேற்ற 50-ஆம் ஆண்டு விழாவுக்காக 1887 ஜூனில் அவரையும் முகமது பக்ஷ் என்பவரையும் அனுப்பி வைத்தார்கள். என்ன வேலைக்கு? சாப்பாட்டு மேஜையில் பரிமாறுவதற்கு! பேனா பிடித்த கைக்குத் தட்டு ஏந்துவது கஷ்டமாகத்தானே இருக்கும்? கரீம் மனம் வெந்து, ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அதற்குள் அவர் கையால் கோழிக்குழம்பும் பருப்பும் புலாவும் சாப்பிட்டுப் பார்த்து ராணிக்குப் பிடித்துப் போயிருந்தது. அவரிடம் இந்துஸ்தானி மொழி எழுதப் படிக்கவும் பழக ஆரம்பித்திருந்தார். எழுபதை நெருங்கும் வயதில் பாடம்! விடாமல் எழுதி எழுதி 13 நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன. அப்படிப்பட்ட வாத்தியாரை விடுவாரா? 1888-இல் கரீமை 'முன்ஷி' ஆக்கினார். முன்ஷி என்றால் எழுத்தர், ஆசிரியர். அவர் பரிமாறுவதுபோல் எடுத்த போட்டோக்களையும் அழிக்கச் சொன்னார். பால்மோரலில் ஜான் பிரௌன் இருந்த அறையே கரீமுக்குக் கிடைத்தது. 1890-இல் கழுத்தில் கட்டி வந்து படுத்துவிட்டபோது, ராணியே தினமும் அவர் அறைக்குப் போய்த் தலையணையைச் சரி செய்தாராம். ஊரிலிருந்து அவர் மனைவி வந்து சேர்ந்தார். பால்மோரலில் 'கரீம் காட்டேஜ்' என்று தனி வீடே எழுந்தது.

மற்றவர்களுக்கு வயிறு எரியாமல் இருக்குமா? ராணியின் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. அரண்மனை அதிகாரிகளுக்கும் பிடிக்கவில்லை. நிறத்தைச் சொல்லியும் குலத்தைச் சொல்லியும் பேசினார்கள். கரீமும் பட்டம், பதவி என்று மேலும் மேலும் கேட்டார் என்பதும் உண்மைதான். 1897-இல், கரீம் கூட வந்தால் நாங்கள் எல்லோரும் ராஜினாமா என்று அதிகாரிகள் மிரட்டிப் பார்த்தார்கள். ராணி மசியவில்லை.

1901 ஜனவரி 22-ஆம் தேதி ராணி காலமானார். சவப்பெட்டியை மூடுமுன் கடைசியாக ஒரு தரம் முகம் பார்க்கக் கரீமை அனுமதித்தார் புது அரசர் ஏழாம் எட்வர்ட். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் ஆட்கள் கரீமின் வீட்டுக்கு வந்து, ராணி எழுதிய கடிதங்களையெல்லாம் வாங்கி வாசலிலேயே நெருப்பில் போட்டார்கள். ஊருக்குப் போய்ச் சேர் என்று உத்தரவு. ஜான் பிரௌனின் சிலையும் பார்வையான இடத்திலிருந்து தள்ளி ஒதுக்குப்புறமான மலைச்சரிவுக்குப் போய்விட்டது. கரீமோடு போன முகமது பக்ஷோ, பரிமாறும் ஆளாகவே இருந்துவிட்டார். அவர் பேரைச் சொல்வார் யாருமில்லை.

கரீமுக்கு மிஞ்சியது என்ன தெரியுமா? ராணி உயிரோடு இருக்கும்போதே வைஸ்ராயிடம் விடாமல் வற்புறுத்தி, 1890-இல் ஆக்ராவில் அவர் பேருக்கு எழுதி வைத்த நிலம். ஆண்டுக்கு 600 ரூபாய் வருமானம் தரக்கூடியது. கடிதத்தை எரிக்க முடிந்தது, பத்திரத்தை எரிக்க முடியவில்லை! அந்த மண்ணில் இருந்துகொண்டுதான் 1909-இல் தம் 46-ஆவது வயதில் கண்ணை மூடினார்.

இங்கே கீரனூர்ப் பக்கத்தில் நான் அறிந்த ஒரு பெரிய வீடு. அங்கே ஓர் அம்மா முப்பது வருஷம் பாத்திரம் தேய்த்து, பிள்ளைகளைத் தூக்கி வளர்த்து, கடைசியில் படுக்கையில் விழுந்த பெரியம்மாளுக்கு எல்லாம் செய்தாள். "பின்கட்டு உனக்குத்தான்டி" என்று பெரியம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மனசார சொன்ன வார்த்தைதான். ஆனால் காரியம் முடிந்து ஒரு மாதத்தில் பிள்ளைகள் வந்து வீட்டை விற்றார்கள். அந்த அம்மா ஒரு டிரங்குப் பெட்டியோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை, விரட்டவில்லை. அவளுக்குப் பேச ஒரு துண்டுக் காகிதம் இல்லை, அதுதான்.

ஆகையால் சகோதரிகளே, பழைய சேலையும் தீபாவளிப் பலகாரமும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இதையும் செய்யுங்கள்.

வேலைக்கு வைக்கும்போதே என்னென்ன வேலை, என்ன சம்பளம், எத்தனை நாள் லீவு என்று தெளிவாகப் பேசிவிடுங்கள். கரீமுக்கு வந்த முதல் வருத்தமே அதில்தான்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007 முதல் நலவாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து ஆகியவற்றுக்கு உதவித்தொகையும், 60-க்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. ஆதார் அட்டையோடு மாவட்டத் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். படிக்காதவளாக இருந்தால் ஒருநாள் நீங்களே கூடப் போய் வாருங்கள்.

தபால் ஆபீசில் அவள் பேரிலேயே மாதம் 100 ரூபாயில்கூட 5 வருஷ ஆர்.டி. போடலாம். பாஸ்புத்தகம் அவள் கையில் இருக்கட்டும்.

இடமோ வீடோ கொடுப்பதாக மனசில் இருந்தால், உயிரோடு இருக்கும்போதே தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். உயில் என்றால் சாதாரணக் காகிதத்திலும் எழுதலாம், ஆனால் உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் கட்டாயம் வேண்டும். வீட்டில் பிள்ளைகள் காதிலும் போட்டு வையுங்கள். பிறகு, "அம்மா எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.